ஒரு வகுப்பும் பல மாணாக்கரும்
வேறுபாடறிந்து பாடந் திட்டமிடல்

ஆசிரியர் ஒருவர், வகுப்பறை ஒன்று, பாடநூல் ஒன்று, மாணாக்கரோ நாற்பதின்மர். இந்நாற்பதின்மரும் வயதால் ஏறக்குறைய ஒத்தவராயினும், முன்னறிவாலும், விளங்கிக்கொள்ளும் விரைவாலும், வாசிக்கும் ஆற்றலாலும், கண் செவி முதலிய பொறிகளின் நிலையாலும், இல்லத்துச் சூழலாலும் ஒருவரை ஒருவர் ஒவ்வாதவர். இவ்வுண்மையை அறியாத ஆசிரியர் எவருமிலர். ஆயின், அறிந்ததற்கு இயையப் பாடத்தைத் திட்டமிடுவோர் சிலரே. நம் பாடக்குறிப்புக்கள் பெரும்பாலும் நடுத்தர மாணாக்கன் ஒருவனை மனத்திற்கொண்டே எழுதப்படுகின்றன. அவனுக்கு மேலுள்ளோர் சலிப்புறுகின்றனர், கீழுள்ளோர் திகைப்புறுகின்றனர். அந்நடுத்தர மாணாக்கனோ சராசரிக் கணக்கில் உள்ளானேயன்றி, வகுப்பில் எந்த வாங்கிலும் அமர்ந்திருப்பவனல்லன்.

மாணாக்கரின் வேறுபாடுகளை அறிந்து, அவற்றுக்கு இயையப் பாடத்தை வகுத்துக் கற்பிக்கும் முறையினை இக்காலக் கல்வியியலார் வேறுபடுத்திக் கற்பித்தல் என வழங்குவர். அஃது யாது, அதன் வரலாறு எத்தகையது, நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றனுள் அதனை எங்ஙனம் அமைக்கலாம், அதன்கண் நேரும் ஐயங்கள் எவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டையோர் கண்ட வேறுபாடு

மாணாக்கர் பல திறத்தினர் என்னும் கருத்து மேனாட்டார் நமக்குப் புதிதாக உணர்த்தியதன்று. 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பு, மாணாக்கர் இயல்பு, பாடஞ் சொல்லும் முறை, பாடங் கேட்கும் முறை என்பவற்றை வகுத்துரைக்கின்றது. அங்கே மாணாக்கர் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தப்பட்டு, எட்டுப் பொருள்களுக்கு உவமிக்கப்படுகின்றனர். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கும், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கருக்கும் உவமைகளாம்.

இவ்வுவமைகளை மாணாக்கரை ஏசுதற்குப் பயன்படுத்துவோர் உளர். ஆயின், அவற்றை ஊன்றி நோக்குவார்க்கு அவை வசைமொழிகளாகத் தோன்றாமல், மருத்துவன் காணும் நோய்க்குறிகள் போலவே தோன்றும். ஓட்டைக்குடம் கேட்டதை நிறுத்திவைக்க மாட்டாதவன். அவனுக்கு வேண்டுவது இடைவிட்டு மீட்டல். ஆடு ஒரு செடியில் நில்லாது பல செடிகளிலும் மேய்வது. கவனம் சிதறும் மாணாக்கனுக்கு வேண்டுவது சிறு சிறு கூறுகளாகப் பகுத்த வேலை. நெய்யரி நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றுவது. முதன்மையானது இது, துணையானது இது எனப் பிரித்தறியாதானுக்கு வேண்டுவது பாடத்தின் சாரத்தை வெளிப்படக் காட்டுதல். கிளி சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்வது. அவனுக்கு வேண்டுவது கற்றதைப் புதிய இடத்திற் பொருத்திப் பார்க்கும் பயிற்சி. ஆகவே, வகைப்படுத்தலின் பயன் முத்திரை குத்துதலன்று, பரிகாரந் தேடுதலே. அதே பாயிரம், கற்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து, அவன் கொள்ளும் வகையாற் பாடஞ் சொல்லுதல் ஆசிரியரின் கடன் என விதித்திருத்தலும் ஈண்டுக் கருதத்தக்கது.

எனினும், பழைய முறைக்கும் இக்கால முறைக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அப்பாயிரமே, பாடஞ் சொல்லத்தகாதவர் இன்னார் என ஒரு நிரலும் தருகின்றது. அந்நிரலில் மந்தனும் பிணியனும் இடம்பெறுகின்றனர். அக்கால ஆசிரியர் தம் மாணாக்கரைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமையுடையவர். விளங்கமாட்டாதானை விலக்கிவிட அவரால் இயன்றது. இக்காலப் பாடசாலையின் நிலை அதுவன்று.

எல்லார்க்கும் திறந்த வாயில்

ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியமையும், சிறுவர் படிப்படியாக ஏறிச்செல்லுமாறு பாலபாடங்களை எழுதியமையும், குருவின் திண்ணையில் ஒடுங்கியிருந்த கல்வியை வகுப்பறைக்குக் கொணர்ந்த முயற்சிகளாம். 1945ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டாயக் கல்விக்குரிய ஒழுங்குவிதிகள் 1997ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்று, அடுத்த ஆண்டில் 5 முதல் 14 வரையான வயதினர்க்கு நடைமுறையாயின. 2016ஆம் ஆண்டில் மேல் வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பெற்றது. 1994ஆம் ஆண்டில் இசுப்பானிய நாட்டுச் சலமங்கா நகரிற் கூடிய 92 அரசுகளின் பேராளர்கள், சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளும் பொதுப் பாடசாலைகளிலேயே கற்றல் வேண்டும் எனப் பிரகடனஞ் செய்தனர். வலுவிழந்தோர் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டில் ஏற்ற சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வி பற்றியது.

இவற்றின் பொருள் யாது? பவணந்தியார் காலத்து ஆசிரியர் வாயிலில் நிறுத்திவிடக்கூடிய மந்தனும் பிணியனும் இன்று நம் வகுப்பினுள்ளே உரிமையோடு அமர்ந்திருக்கின்றனர் என்பதே. அவர்களை வெளியே அனுப்ப நமக்கு அதிகாரமில்லை. ஆயின், வகுப்பினுள் இருத்திக்கொண்டே வெளியே நிறுத்திவிடுதல் மிக எளிது. வரவிடாப்பிலே நாடோறும் வந்தவனாகக் குறிக்கப்படும் மாணவன், பாடத்தினுள் ஒருநாளேனும் வந்தானா என்பதை எந்த இடாப்பும் காட்டாது. பத்தாண்டு பாடசாலையிலிருந்தும் தன் தாய்மொழியிற் பிழையின்றி ஒரு பந்தியை வாசிக்கமாட்டாது வெளியேறும் பிள்ளைக்கு இலவசக் கல்வி என்பது பெயரளவினதே. நம் ஆராய்ச்சியின் இன்றியமையாமை இதுவாம்.

மேனாட்டு முயற்சிகள்

பிரான்சிலே கட்டாயக் கல்வி பரவியபோது இதே இடர் எழுந்தது. 1904ஆம் ஆண்டில் அவ்வரசு நிறுவிய குழுவில் இடம்பெற்ற அல்பிரெட் பினே என்பவர், தியோடோர் சீமோனுடன் கூடி 1905ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டார். சிறப்பான உதவி வேண்டிய பிள்ளைகளை இனங்காணுதலே அதன் நோக்கம். பிறப்பிலமைந்த மாறா அறிவின் அளவென அதனைக் கொள்ளுதல் தகாதென்பது பினேயின் கருத்தாயிருந்தும், பின்வந்தோர் பலர் அவ்வாறே கொண்டு பிள்ளைகளைத் தரம்பிரிக்கும் கருவியாக்கினர்.

வேறொரு சாரார் கற்பிக்கும் முறையையே மாற்ற முனைந்தனர். மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் உரோமை நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லத்தில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்திற் கையாளத்தக்க கருவிகளைப் படைத்தார். 1939ஆம் ஆண்டில் அவர் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களைப் பயிற்றியமை நாமறிந்ததே. ஐக்கிய அமெரிக்காவிலே எலன் பாக்கேஸ்ட் அம்மையார் 1920ஆம் ஆண்டளவில் வகுத்த டால்டன் திட்டத்தில், மாணாக்கன் ஒரு மாதத்து வேலையை ஒப்பந்தமாக ஏற்றுத் தன் வேகத்தில் முடிப்பான். இல்லினோய் மாநிலத்து வினெற்கா நகரிற் காள்ற்றன் வோஷ்பேண் 1919ஆம் ஆண்டு தொடக்கம் நடத்திய திட்டமும் தனியாளின் வேகத்துக்கு இடமளித்தது.

இங்கிலாந்திலோ 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின், பதினொரு வயதிலே பரீட்சையாற் பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு பாடசாலைகளுக்கு அனுப்பும் முறை வலுப்பெற்றது. 1967ஆம் ஆண்டில் வெளிவந்த பிளவுடன் அறிக்கை, ஆரம்ப பாடசாலைகளில் மாணாக்கரைத் திறமைவாரியாக வகுப்புப் பிரித்தலைக் கண்டித்தது. முன்கூட்டியே பிரிக்கப்பட்ட பிள்ளை, தனக்கு இடப்பட்ட பெயருக்கு ஒப்பவே வளர நேரிடும் என்பதே இத்தகைய கண்டனங்களின் சாரம்.

இவ்விரு நெறிகளுக்குமிடையே மூன்றாவது நெறியொன்று உருவாயிற்று. 1963ஆம் ஆண்டில் யோன் கரொல் என்னும் அமெரிக்க உளவியலார், திறமை என்பதனை ஒருவன் ஒன்றைக் கற்க வேண்டிய காலத்தின் அளவாகக் கொள்ளலாம் என்றார். இக்கருத்தைத் தழுவி 1968ஆம் ஆண்டிற் பெஞ்சமின் புளூம், தக்க காலமும் உதவியும் அளிப்பின் மாணாக்கருள் மிகப் பெரும்பாலார் பாடத்திற் றேர்ச்சி பெறுவர் என வாதித்தார். இரசிய நாட்டு வைகொற்ஸ்கி (1896–1934), ஒரு பிள்ளை தானே செய்யவல்லதற்கும் பிறர் துணையோடு செய்யவல்லதற்கும் இடைப்பட்ட வெளியே கற்பித்தலுக்கு ஏற்ற நிலம் என விளக்கியிருந்தார். இக்கருத்துக்களைத் திரட்டி, வகுப்பாசிரியருக்குப் பயன்படுமாறு வேறுபடுத்திக் கற்பித்தல் என்னும் பெயரால் விளக்கியோருள் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துக் கரொல் ஆன் டொம்லின்சன் அம்மையார் தலையாயவர். அவர்தம் முதன்மையான நூல்கள் 1995, 1999ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

வேறுபடுவது எது, வேறுபடாதது எது?

டொம்லின்சன் அம்மையாரின் வகுப்பின்படி, ஆசிரியர் நான்கினை வேறுபடுத்தலாம். கற்கும் பொருள் ஒன்று. கற்கும் வழி இரண்டு. கற்றதைக் காட்டும் முறை மூன்று. வகுப்பறைச் சூழல் நான்கு. இவற்றை மாணாக்கரின் ஆயத்தநிலை, நாட்டம், கற்கும் இயல்பு என்பன நோக்கி வேறுபடுத்தல் வேண்டும் என்பர். இவற்றுள் ஆயத்தநிலையே முதற்கண் நோக்கத்தக்கது. ஆயத்தநிலை என்பது அறிவின் அளவன்று. குறித்த ஒரு பாடத்துக்கு வேண்டிய முன்னறிவு ஒருவனிடம் இப்போது எவ்வளவு உளது என்பதே. அது பாடத்துக்குப் பாடம் மாறும். கிழமைக்குக் கிழமையும் மாறும்.

வேறுபடாதது ஒன்றுண்டு. அதுவே பாடத்தின் குறிக்கோள். மெல்லக் கற்போனுக்கு எளிய குறிக்கோள், விரைந்து கற்போனுக்கு உயர்ந்த குறிக்கோள் என வகுத்தல் வேறுபடுத்திக் கற்பித்தலாகாது. அது பழைய தரம்பிரிப்பே வகுப்பறைக்குள் நுழைந்ததாகும். மலையுச்சி ஒன்று, ஏறும் பாதைகள் பல. பாதை மாறலாம், ஊன்றுகோல் தரலாம், இளைப்பாறும் இடங்கள் மிகுதியாகலாம். உச்சியைத் தாழ்த்துதல் மட்டும் ஆகாது.

எடுத்துக்காட்டாக ஒரு பாடம்

பொதுவிதிகளைக் கூறுவதினும் ஒரு பாடத்தை வகுத்துக் காட்டுதல் பயன்மிக்கது. பகுதியெண் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுதலை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, குறிக்கோளை ஒரு வாக்கியத்தில் எழுதுதல் வேண்டும். "பகுதியெண் வேறான இரு பின்னங்களைக் கூட்டுதலும், பொதுப்பகுதி வேண்டப்படுவது ஏன் எனக் காரணங் கூறுதலும்" என்பது நம் குறிக்கோளாகுக. காரணங் கூறுதல் எல்லார்க்கும் உரியது. கெட்டிக்காரருக்கு மட்டும் உரியதன்று.

இரண்டாவது, ஆயத்தநிலையை அறிதல் வேண்டும். முந்திய நாட் பாடத்தின் இறுதி ஐந்து நிமிடத்தில் துண்டுக் கடதாசியில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதச் செய்க. ஒரு செவ்வகத்தின் 3/4 பங்கை நிழற்றுக என்பது முதலாவது. 2/3 என்பதனை ஆறைப் பகுதியாகக் கொண்ட பின்னமாக எழுதுக என்பது இரண்டாவது. 1/2 உடன் 1/3 ஐக் கூட்டுக என்பது மூன்றாவது. இவற்றுக்குப் புள்ளியிட வேண்டா. மூன்று அடுக்காகப் பிரித்தாற் போதும். முதலிரு வினாக்களிலும் இடறியோர் ஓர் அடுக்கு. அவை சரியாகி மூன்றாவதில் இடறியோர் மற்றோர் அடுக்கு. மூன்றும் சரியாக எழுதியோர் பிறிதோர் அடுக்கு.

இரண்டாம் அடுக்கினருட் பலர் 2/5 என விடை எழுதியிருப்பர். மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டியதால் வந்த விடை இது. இதனைப் பிழையெனச் சிவப்பு மையாற் குறித்தல் எளிது. ஆயின், அவ்விடையிலே மாணாக்கனின் சிந்தனை முழுவதும் வெளிப்பட்டு நிற்கின்றது. பின்னம் அவனுக்கு ஒரே எண்ணாகத் தோன்றவில்லை. கோட்டுக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு எண்களாகவே தோன்றுகின்றது. பிழை இருக்குமிடம் கூட்டலன்று, பின்னம் பற்றிய எண்ணக்கருவே என்பது அப்போது புலனாகும். இவ்வாறு விடையினின்று சிந்தனையை அறிந்து, அதற்கேற்ப அடுத்த பாடத்தை மாற்றுதலின் பயனை 1998ஆம் ஆண்டிற் போல் பிளாக், டிலன் வில்லியம் என்னும் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து வலியுறுத்தினர்.

மூன்றாவது, பாடவேளையைப் பகுத்தல். முதல் எட்டு நிமிடம் வகுப்பு முழுவதற்கும் உரியது. 2/5 என்னும் விடையைக் கரும்பலகையில் எழுதி, எவர் எழுதியது எனச் சொல்லாது, இது பொருந்துமா என வினவுக. 1/2 என்பது 5/10. 2/5 என்பது 4/10. அரையோடு ஒன்றைக் கூட்டியபின் அரையினுங் குறைந்தது எங்ஙனம்? இம்முரண்பாடு எத்தரத்து மாணாக்கனையும் ஈர்க்கும். பின்னர், ஒத்த நீளமுள்ள இரு கடதாசிப் பட்டிகளுள் ஒன்றை இரண்டாகவும் மற்றதை மூன்றாகவும் மடித்துக் காட்டி, இரண்டையும் ஆறு ஆறு பங்குகளாக்கினால் 3/6 உம் 2/6 உம் சேர்ந்து 5/6 ஆதலை வெளிப்படுத்துக.

அடுத்த இருபது நிமிடம் பிரிந்து செய்யும் வேலைக்கு உரியது. முதலடுக்கினர் கடதாசிப் பட்டிகளைத் தாமே மடித்து 1/2, 2/4, 4/8 என்பன ஒன்றே எனக் காண்பர். பின் ஒரு பகுதியெண் மற்றதன் மடங்காயுள்ள 1/2 + 1/4, 1/3 + 1/6 போன்றவற்றைச் செய்து, ஈற்றில் 1/2 + 1/3 என்பதற்கு வருவர். இரண்டாம் அடுக்கினர் 1/4 + 1/3, 3/4 + 1/6, 3/4 + 2/3 என்பவற்றைச் செய்வர். ஒவ்வொன்றுக்கும் விடை ஒன்றினுங் கூடுமா குறையுமா என முன்னரே மதிப்பிட்டு எழுதுதல் அவர்தம் கடமை. 3/4 + 1/6 என்பதிலே, பகுதியெண்களைப் பெருக்கி 24 எனக் கொள்ளுதலினும், பொது மடங்குகளுட் சிறியதாகிய 12 ஐக் கொள்ளுதல் வசதியாதலை அவர் உணர்வர்.

மூன்றாம் அடுக்கினர்க்கு நம் முன்னோரின் எண்வாய்பாடே நல்லதொரு களம். மா என்பது 1/20. காணி என்பது 1/80. மாகாணி என்பது 1/16. மாவும் காணியும் சேர்ந்தே மாகாணியாயிற்று என்பதைக் கணக்கால் நிறுவுக என்பது முதல் வேலை. 1/20 ஐ 4/80 ஆக்கி 1/80 ஐக் கூட்டினால் 5/80, அதுவே 1/16. வேறுபகுதிப் பின்னங்களின் கூட்டல் ஒரு தமிழ்ச் சொல்லின் உள்ளேயே அடங்கிக் கிடத்தலைக் கண்டு அவர் வியப்பர். இனி, தொகுதியெண் ஒன்றாகவுள்ள வெவ்வேறான மூன்று பின்னங்களைக் கூட்டி ஒன்று பெறுக என்பது இரண்டாம் வேலை; 1/2, 1/3, 1/6 என்பன விடை. 1/2 என்பது 1/3 + 1/6 ஆதலையும், 1/3 என்பது 1/4 + 1/12 ஆதலையும் கண்டு, அடுத்து வருவது யாதென ஊகிக்க என்பது மூன்றாம் வேலை. விரைந்து கற்போர்க்கு வேண்டுவது ஒரே வகைக் கணக்கில் இன்னும் இருபதன்று. ஆழ்ந்த கணக்கு ஒன்றே.

ஆசிரியர் இவ்விருபது நிமிடத்தில் முதற் பத்தை முதலடுக்கினரோடு கழித்து, எஞ்சியதை ஏனையோர்க்குப் பங்கிடலாம். இறுதிப் பன்னிரண்டு நிமிடத்தில் வகுப்பு மீண்டும் ஒன்றாதல் வேண்டும். ஒவ்வோர் அடுக்கினின்றும் ஒருவர் தாம் கண்டதைச் சொல்ல, மற்றையோர் கேட்பர். ஈற்றில் எல்லார்க்கும் ஒரே வினா: 2/3 உடன் 1/4 ஐக் கூட்டுக, பொதுப்பகுதி ஏன் வேண்டும் என ஒரு வாக்கியம் எழுதுக. இவ்விடைகளே மறுநாட் பாடக்குறிப்புக்கு மூலமாகும்.

வாசிப்பில் இடர்ப்படுவோர்

சில பிள்ளைகளின் இடர் ஒரு பாடத்தோடு நில்லாது. எல்லாப் பாடங்களையும் மறிக்கும். அவற்றுள் முதன்மையானது வாசிப்பு இடர். 1896ஆம் ஆண்டிலே பிறிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர், அறிவுக்கூர்மையும் கணக்கில் ஆற்றலும் உடையவனாயிருந்தும் வாசிக்கமாட்டாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். வாசிக்கமாட்டாமை வேறு, அறிவின்மை வேறு என்பது அன்றே தெளிவாயிற்று.

தமிழெழுத்துக்குத் தனியான சில இடர்கள் உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்கள். இவற்றைத் தனித்தனியே மனனஞ் செய்தல் நினைவு குன்றிய பிள்ளைக்குப் பெருஞ்சுமை. மெய்யும் உயிர்க்குறியும் சேரும் முறையை உணர்ந்தவனுக்கோ சுமை மிகக் குறையும். ஆயினும், அம்முறையிலும் ஒரு சிக்கல் உளது. "கெ" என்பதிலே கண் முதலிற் காண்பது கொம்பு. வாய் முதலில் ஒலிப்பது ககர மெய். "கொ" என்பதில் உயிர்க்குறி மெய்யின் இருமருங்கும் நிற்கின்றது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய்க் கூட்டி வாசிக்கும் பிள்ளை இங்கே தடுமாறுதல் இயல்பே. ல, ள, ழ என்பனவும், ந, ன, ண என்பனவும், ர, ற என்பனவும் பேச்சிலே பலர்க்கு வேறுபடாமையின் எழுத்திலும் மயங்குகின்றன. இத்தகைய பிள்ளைக்குக் கொம்புடைய எழுத்துக்களைத் தனியே எடுத்து, குறியையும் மெய்யையும் இருநிற அட்டைகளிற் பொருத்திக் காட்டுதலும், மயங்கும் எழுத்துக்களை ஒருங்கே கற்பியாது கால இடைவெளிவிட்டுக் கற்பித்தலும் நலந்தரும்.

ஏனைய பாடங்களிலே, வாசிப்பு இடரானது அறிவை மறைக்கும் திரையாகாதபடி காத்தல் வேண்டும். கணக்கு வினாவை ஒருமுறை உரத்து வாசித்தால், அவன் கணிதத்திற் றவறுகின்றானா, வாசிப்பிற் றவறுகின்றானா என்பது தெளியும். செவிப்புலன் குன்றியவனுக்கு ஆசிரியரின் வாய் தெரியுமிடத்தில் இருக்கையளித்து, கரும்பலகையை நோக்கியபடி பேசாதிருத்தலும், கட்புலன் குன்றியவனுக்காகக் கரும்பலகையில் எழுதுவதை வாயாற் சொல்லிக்கொண்டே பெரிதாக எழுதுதலும் பணச்செலவில்லாத உதவிகள். அவற்றால் ஏனையோர்க்கும் நன்மையேயன்றித் தீமை இல்லை.

சில ஐயங்கள்

நாற்பது பேருக்கு நாற்பது பாடக்குறிப்பு எழுதல் இயலுமா என்பது முதல் ஐயம். இயலாது, வேண்டுவதுமன்று. மேற்காட்டிய பாடத்தில் திட்டம் ஒன்று, வேலைகள் மூன்று. எல்லாப் பாடத்தையும் இவ்வாறு அமைத்தலும் வேண்டுவதன்று. ஒரு கிழமையில் ஒரு பாடத்தை, அதுவும் மாணாக்கர் பெரிதும் இடறும் பாடத்தை, இங்ஙனம் திட்டமிடத் தொடங்கினால், ஆண்டிறுதியில் முப்பதுக்குக் குறையாத பாடங்கள் கைவசமிருக்கும். ஒரே பாடத்தைக் கற்பிப்போர் தம்முட் பகிர்ந்துகொள்வாராயின் அவை இருமடங்காகும், மும்மடங்காகும்.

க.பொ.த. பரீட்சை எல்லார்க்கும் ஒரே வினாத்தாளைத் தருகின்றதே, பாடசாலை மட்டும் வேறுபடுத்தல் பொருந்துமா என்பது இரண்டாம் ஐயம். பரீட்சை ஒன்றாயிருத்தலாலேயே வழிகள் பலவாதல் வேண்டும். ஒரே வழியிற் செல்லமாட்டாதானை வழியிலே விட்டுச் செல்லின் அவன் அவ்வினாத்தாளை எங்ஙனம் எதிர்கொள்வான்? வகுப்பறை விட்ட குறையைத் தனியார் கல்வி நிலையங்கள் தீர்க்கும் என்பார்க்கு விடை ஒன்றே: பணமுள்ளார்க்கே அவ்வாயில் திறக்கும். பணமில்லாதானுக்கு வகுப்பறையே முதலும் முடிவுமாம்.

குழுவாகப் பிரித்தல் பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்தாதா என்பது மூன்றாம் ஐயம். குழு நிலைபேறுடையதாயின் புண்படுத்தும் என்பதில் ஐயமில்லை. 1968ஆம் ஆண்டில் உரொசெந்தால், யாக்கொப்சன் என்போர் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணாக்கரின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என உரைத்தது. அப்பாதிப்பின் அளவு பற்றி அறிஞரிடையே வாதம் உண்டெனினும், எச்சரிக்கை தக்கதே. ஆதலின், அடுக்குக்களுக்குப் பெயரிடல் ஆகாது. அவற்றைப் பாடந்தோறும் மாற்றுதல் வேண்டும். பின்னத்தில் முதலடுக்கிலிருந்தவன் கேத்திரகணிதத்தில் மூன்றாம் அடுக்கில் இருத்தல் கூடும். ஒரு மாதமாக ஒரே பெயர்கள் ஒரே அடுக்கில் நிற்பின், குறை மாணாக்கரிடமா, நம் பிரிப்பு முறையிலா என ஆராய்தல் நன்று.

நான்காவது, ஐயமன்று, தவறான நம்பிக்கை. சிலர் கண்ணாற் கற்போர், சிலர் காதாற் கற்போர், சிலர் கையாற் கற்போர் எனப் பிரித்து, ஒவ்வொருவர்க்கும் அவ்வப் புலன்வழியே கற்பித்தல் வேண்டும் என்பது இன்று பல பயிற்சி வகுப்புக்களிற் சொல்லப்படுகின்றது. 2008ஆம் ஆண்டிற் பாஷ்லர் முதலிய உளவியலார் நால்வர் இதுபற்றிய ஆய்வுகளைச் சீர்தூக்கி, அவ்வாறு கற்பித்தலாற் பயன் விளையும் என்பதற்குத் தக்க சான்று இல்லை எனக் கண்டனர். பட்டியை மடித்தல் பின்னத்துக்கு ஏற்றது. பாடிக்காட்டல் செய்யுளோசைக்கு ஏற்றது. முறையைத் தெரிந்தெடுத்தற்குப் பாடப்பொருளே வழிகாட்டி. எனவே, மாணாக்கனுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நோக்கியே வேறுபடுத்துக. அவன் எப்புலனுக்கு உரியவன் எனச் சோதிடம் பார்த்தல் வேண்டா.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படுவன இவை: குறிக்கோள் எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும், அதனை நோக்கிச் செல்லும் வழிகள் மாணாக்கரின் ஆயத்தநிலைக்கு ஏற்பப் பலவாதல் வேண்டும், ஆயத்தநிலையை ஊகத்தாலன்றி விடைகளால் அறிதல் வேண்டும், பிரிந்து கற்ற வகுப்பு மீண்டும் ஒன்றுகூடி முடிதல் வேண்டும், எவரையும் ஓர் அடுக்கிலே நிலைநிறுத்தல் ஆகாது.

பெரிய மாற்றங்களுக்காக அரசினரையும் கல்விப் பகுதியினரையும் எதிர்பார்த்திருத்தல் ஒருபுறமாகுக. பாடத்தின் இறுதியிலே மூன்று வினாக்கள், அவற்றை வாசிக்க மாலையிற் கால்மணி நேரம், மறுநாள் மூவகை வேலைகள் என்னும் இவற்றுக்கு எவரது அனுமதியும் வேண்டுவதில்லை. பின்வாங்கில் அமர்ந்து, வினவாதும் வினவப்படாதும் ஆண்டுகளைக் கழிக்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உளன். அவன் எழுதிய பிழையான விடையை ஒருமுறை பொறுமையோடு வாசித்து, அவன் எங்கே நிற்கின்றான் என அறிந்து, அங்கிருந்து அவனை அழைத்துச் செல்லும் ஆசிரியரே அவனுக்குக் கல்வியின் வாயிலைத் திறந்தவராவர்.